கேளம்பாக்கத்துக்குப் படிக்க வருகிறவர்கள்

கிழக்கே கோவளம், மேற்கே வண்டலூர், தெற்கே திருப்போரூர் என்று போகிறவர்களெல்லாம் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் பஸ் மாறுகிற இடமாகவே கேளம்பாக்கம் வெகுகாலம் இருந்தது. உங்கள் ஊரும் அப்படியொரு கூட்டுரோடாக இருந்திருந்தால், பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே பாதிப் பொழுதைக் கழித்த வயது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஊருக்குச் சோறு போட்டது உப்பு. மழை ஓய்ந்ததும் பாத்தி திருத்தி, கோவளம் முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரைத் தேக்கி, வெயிலில் பூத்துவந்ததை வாரிக் குவிப்பார்கள். அந்தக் குவியல்களுக்கு அப்பால், ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வந்து நிற்கும். உப்பையும் சவுக்கு விறகையும் பட்டணத்துக்குக் கொண்டுபோன படகுகளின் கடைசிக் காலத்தைத்தான் நான் பார்த்தேன். பக்கிங்ஹாம் கால்வாயின் வேலை 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கியதும், தாதுவருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் சுமந்த ஜனங்கள் அதன் ஒரு பகுதியை வெட்டியதும், அப்போதைய கவர்னரின் பெயர் அதற்கு வந்ததும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எங்களுக்கு அது, கரையிலிருந்து கயிறு கட்டிப் படகு இழுப்பவர்களோடு பேசிக்கொண்டே முட்டுக்காடு வரை நடக்கலாம் என்கிற சுகம், அவ்வளவுதான்.

பள்ளி முடிந்தால் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியோ நந்தனம் அரசுக் கல்லூரியோ, எதுவானாலும் இருட்டோடு எழுந்து, டிபன் பாக்ஸில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வழக்கமாக ஏறும் பையனைக் காணோமென்றால் கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் தெருமுனையைப் பார்ப்பார். அந்த இரண்டு நிமிஷம் இப்போது எந்தப் பஸ்ஸிலும் கிடையாது.

பிறகு கல்லூரிகளே எங்களைத் தேடி வந்தன. 1985-இல் படூரில் இந்துஸ்தான், 1996-இல் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., 2010-இல் வண்டலூர் சாலையில் வி.ஐ.டி.; இடையில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரி. கூடவே சிறுசேரியில் சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவும் வந்தது. பனையும் சவுக்கும் நின்ற பழைய மகாபலிபுரம் சாலை அகலமாகி ராஜீவ் காந்தி சாலை ஆயிற்று. வடநாட்டுப் பிள்ளைகள் இந்தியில் டீ கேட்கிறார்கள், கடைக்காரரும் இந்தியிலேயே சில்லறை எண்ணித் தருகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காம்பவுண்டுகளுக்குள் எங்கள் ஊர்க்காரர்கள் காவலுக்கும் கூட்டிப் பெருக்கவும் சமைக்கவுமே நுழைந்த காலம் ரொம்ப நீளம். அது இன்றும் மனதை அறுக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. பொறியியலில் அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. இத்தனை கல்லூரிகளுக்கு நடுவே இருக்கிற ஊரில், கணக்குக்கும் இயற்பியலுக்கும் நல்ல வாத்தியார்கள் முதலில் வரவேண்டிய இடம் அரசுப் பள்ளிதான் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில், வாழ்நாளெல்லாம் உப்பு வாரிய ஒருவரின் பேத்திக்குக் காலவாக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது. “விடிகாலையில பஸ் ஏறணுமா கண்ணு?” என்று அவர் கேட்டார்.

“எட்டு மணிக்குக் கெளம்பினாப் போதும் தாத்தா, நம்ம ஊர்ப் பக்கத்துலதானே இருக்கு.”