ஆச்சி போன வெனிஸ்

இங்கிலாந்தில் பள்ளி நடக்கும் வாரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றப் போனால் அபராதம் வரும். ஒரு பிள்ளைக்கு அம்மாவிடம் 80 பவுண்ட், அப்பாவிடம் 80 பவுண்ட். லண்டனில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, ஒரு ராத்திரி முழுக்க இந்தக் கணக்கோடு உட்கார்ந்திருந்தார். அபராதம் மொத்தம் 320. அக்டோபர் விடுமுறை வாரத்தில் வெனிஸுக்கு விமான டிக்கெட் சாதாரண வாரத்தைவிட 290 பவுண்ட் கூடுதல். ஆக, சட்டப்படி நடந்தால் முப்பது பவுண்ட் மிச்சம். நேர்மைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

அப்பா, அம்மா, பிள்ளைகள் நால்வரோடு, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவின் அம்மா, ஆச்சியும் கிளம்பினாள். சென்னையிலேயே விசா குத்தியாகிவிட்டது, மனசுதான் ஒப்பவில்லை. "ஏய்யா, தெருவெல்லாம் தண்ணியா கெடக்குன்னு காசு குடுத்துப் பார்க்கப் போறீயளா? மழை பெஞ்சா நம்ம தெருவும் அப்படித்தானே கெடக்கு?"

வெனிஸ் விமான நிலையத்துக்கு மார்க்கோ போலோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்ததும் அப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். மார்க்கோ போலோ நம் காயல் துறைமுகத்துக்கு வந்ததையும், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பை விவரித்ததையும், பெட்டிகள் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். "பதினேழு வயசுல கிளம்பினார். 1271-ல் போனவர் 1295-லதான் திரும்பி வந்தார்." எட்டு வயது மகன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "இருபத்துநாலு வருஷமா? அவங்க அப்பா எவ்வளவு ஃபைன் கட்டினார்?" போலோவின் அப்பாவும் கூடவேதான் போயிருந்தார் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அபராதக் கணக்கு இன்னும் சிக்கலாகியிருக்கும்.

தங்கும் வீட்டைக் கண்டுபிடித்தது தனிக்கதை. வெனிஸில் தெருவுக்குப் பெயர் உண்டு, வீட்டுக்கு இலக்கம் உண்டு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றில் தொடங்கிச் சந்துபொந்தெல்லாம் எண்ணிக்கொண்டே போவார்கள். காஸ்டெல்லோ பகுதியில் இலக்கம் 6,800-ஐத் தாண்டும். அப்பா செல்போனை நம்பினார். இரண்டு பக்கமும் சுவர் நெருக்கும் சந்துக்குள் செல்போனுக்கே திசை தெரியவில்லை. "அப்பா, மேப்படி நாம இப்போ கால்வாய்க்குள்ள நிக்கிறோம்," என்றாள் பன்னிரண்டு வயது மகள்.

இந்த ஊருக்குள் கார் கிடையாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போகக்கூட அனுமதி இல்லை. பாலங்கள் நானூறுக்கு மேல். அநேகமாக எல்லாவற்றிலும் படி. சக்கரம் வைத்த பெட்டியைக் கண்டுபிடித்தவர் வெனிஸை நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார். அப்பா இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க, பின்னால் ஆச்சி முட்டியைப் பிடித்தபடி பாலங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பதினோராவது பாலத்தில் நின்றுவிட்டாள். "இந்த ஊர்க்காரனுவளுக்கு முட்டியை இரும்புலயா அடிச்சு வச்சிருக்கு?"

மறுநாளிலிருந்து அப்பாவின் கால அட்டவணை ஆட்சிக்கு வந்தது. ஆளுக்கு ஒன்பதரை யூரோ, ஐந்து பேருக்கு 47.50 கொடுத்து நீர்ப்பேருந்தில் ஏறினார்கள். டிக்கெட் 75 நிமிஷத்துக்குச் செல்லும் என்பதால், கண் பெருங்கால்வாயின் மாளிகைகளில் இருந்தாலும் அப்பாவின் மனசு கைக்கடிகாரத்தில் இருந்தது. மகன் படகுகளைக் கணக்கெடுத்தான்: ஆம்புலன்ஸ் படகு, குப்பைப் படகு, கூரியர் படகு. புனித மாற்கு சதுக்கத்து மணிக்கோபுரம் 1902-ல் அப்படியே சரிந்து விழுந்ததையும், ஆள் யாரும் சாகாமல் காவலாளியின் பூனை மட்டும் செத்ததையும் அப்பா சொன்னது தப்பாகிவிட்டது. அன்று முழுக்க மகன் பூனையின் பெயரைக் கேட்டே நச்சரித்தான்.

அட்டவணையில் ரியால்டோ பாலத்துக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தது. 1591-ல் கட்டி முடித்த பாலம். பாலத்தைத் தாண்டியதும் காற்றில் ஒரு வாடை வந்தது. மூன்று நாளாகச் சோர்ந்திருந்த ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. மீன் சந்தை!

அங்கே சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மத்திக்கு 7, விலாங்குக்கு 25, சிப்பிக்கு 5. அப்பா வாசித்துச் சொல்லச் சொல்ல, ஆச்சி முதல் தடவையாக இந்த ஊரை மதித்தாள். "குஞ்சைப் பிடிக்காதேன்னு கல்லுல எழுதி வச்சிருக்கான் பாரு." பிறகு நேரே ஒரு கடைக்குப் போய் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரர் கையை வீசிக் கத்தினார். அங்கே சரக்கைத் தொடக்கூடாதாம். ஆச்சி அசையவில்லை. செவுளைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். குனிந்து உள்ளேயிருந்து வேறொரு கூடையை எடுத்து, தானே ஒரு மத்தியின் செவுளைப் பிரித்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேசினார், இவள் தூத்துக்குடித் தமிழில் பேசினாள். விலையைத் தவிர எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

இருபது நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. அன்று மதியம் தங்கிய வீட்டுச் சமையலறையில் சாளைக் குழம்பு கொதித்தது. மிளகாய்த்தூளும் புளியும் ஆச்சியின் கைப்பையிலேயே இருந்தன. வெனிஸ்காரர்களும் மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்தோடு வினிகரில் ஊறவைத்து, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். கடலோடிகளுக்குக் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த பக்குவம். இதைக் கேட்ட ஆச்சி, "மீன்குழம்பும் மறுநாள்தானே ருசி!" என்று அந்த ஊருக்கு இரண்டாவது மதிப்பெண்ணும் போட்டாள்.

கோண்டோலாவுக்கு அட்டவணையில் தனி வரியே இருந்தது. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, நகராட்சி வைத்த விலை, ஐந்து பேர் வரை ஏறலாம். "ஆச்சியும் வந்ததால ஆளுக்குப் பதினெட்டுதான்" என்றார் அப்பா, ஆச்சியை அதற்காகவே கூட்டிவந்த மாதிரி. ஆச்சி படகைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த வள்ளம் கோணலா இருக்கு. தச்சன் சரியில்ல." உண்மைதான், கோணல்தான். ஒற்றை ஆள் பின்னால் நின்று வலப்பக்கம் மட்டும் துடுப்பு வலிப்பதால், படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் இருக்க இடப்பக்கத்தை 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். நூல்களில் படித்து அப்பா தெரிந்துகொண்டதை ஆச்சி கரையில் நின்றே கண்டுபிடித்துவிட்டாள். விலையை ரூபாயில் மாற்றிக் கேட்டபின் ஏற மறுத்தும்விட்டாள்.

கடைசியில் டிராகெட்டோவில் போனார்கள். பெருங்கால்வாயை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கடத்தும் பெரிய கோண்டோலா அது, ஆளுக்கு இரண்டு யூரோ. இரண்டு நிமிஷப் பயணம். மகளும் மகனும் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளாட, ஆச்சி மட்டும் தரையில் நிற்பதுபோல் நின்றாள்.

கிளம்பும் முந்தின நாள் சதுக்கத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. பெரிய வெள்ளத்தைத் தடுக்க 2020 முதல் கடல்வாய்களில் 78 கதவுகள் எழும்புகின்றன. ஆனால் ஊரிலேயே தாழ்வான சதுக்கத்தை நனைக்கச் சின்ன ஏற்றமே போதும். அன்று கதவும் எழவில்லை, சதுக்கமும் காயவில்லை. ஆச்சி முட்டி வலியில் ஒரு படியில் உட்காரப் போனாள். சீருடைக்காரர் ஒருவர் விரலை ஆட்டினார். அங்கே படியில் உட்கார்ந்தால் அபராதம். ஆக மறுபடி அபராதத்துக்குப் பயந்து, அப்பா எல்லோரையும் ஒரு காபிக்கடை நாற்காலிகளில் உட்காரவைத்தார். வாத்தியக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. அந்தச் சதுக்கத்தில் இசை கேட்கவும் ஆளுக்கு இவ்வளவு என்று தனிக்காசு.

"காதைப் பொத்திக்கிட்டா குறைப்பானா?" என்றாள் ஆச்சி.

பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். அப்பா துள்ளி எழுந்தார். "அம்மா, இதை மார்க்கோ போலோ எழுதியிருக்கார்! நம்ம கரையில ஜனங்க பாத்திரத்தை உதட்டுல வைக்காம உயரத் தூக்கித்தான் குடிப்பாங்கன்னு, எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே!"

"எச்சி படக்கூடாதுல்லா," என்றாள் ஆச்சி.

பில்லில் காபி இரண்டு, இசை ஐந்து. தண்ணீர் தெருக்குழாயில் பிடித்தது.