ஹெல்சிங்கியில் ஜமக்காளம் துவைப்பது எப்படி

‘ஹெல்சிங்கியை உள்ளூர்க்காரர்போலச் சுற்றிப் பாருங்கள்’ என்று இந்த வாரமும் ஒருவர் எழுதிவிட்டார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நாம் படித்துத் தீர்த்த அதே கட்டுரைதான். செனட் சதுக்கத்துக்குப் போகாதே, துறைமுகச் சந்தையில் சால்மன் சூப் குடிக்காதே, கல்லியோ பேட்டையில் பலகை மங்கிய காபிக்கடையைத் தேடு. அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அதே கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள் என்பது வேறு விஷயம். நாம் மட்டும் என்ன யோக்கியம்? சுற்றுலாப் பயணி என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப்போகிறது, அதுவும் தொப்பியும் கேமராவுமாக நிற்கும்போது. எனவே ஒன்றைத் தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். அந்த ஊர்க்காரரைப்போல அந்த ஊரில் இருக்க முடியுமா? முடிந்தாலும் அதில் பார்க்க என்ன இருக்கிறது? ஜமக்காளத்தை வைத்தே இதற்கு விடை சொல்லிவிடலாம்.

ஹெல்சிங்கிக்காரர்கள் நிஜமாகவே செய்கிற ஒரு காரியம், கோடையில் கடலோரத்தில் ஜமக்காளம் துவைப்பது. பழந்துணியைக் கிழித்து நெய்த நீள விரிப்புகளை அலசவென்றே நகரில் மேடைகள் கட்டிவைத்திருக்கிறார்கள். அகலமான மேசை, சுற்றிப் பிழியும் உருளை, காயப்போடக் கம்பி, எல்லாம் உண்டு. பைன் மரச் சோப்பைப் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான் பாக்கி. உள்ளூர்க்காரர் ஆவதற்கு இதைவிட அசல் வழி கிடையாது. ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் ‘போய் வேடிக்கை பாருங்கள்’ என்பதோடு நின்றுவிடுவார்கள். வேடிக்கை பார்ப்பது பயணியின் வேலையல்லவா? உள்ளூர்க்காரருக்கு வேண்டியது அழுக்கு ஜமக்காளம். ஊரிலிருந்தே பெட்டியில் கொண்டுபோகலாம். திரும்பும்போது ஈரத்தோடு அதை எடைபோட்டு விமானக் கம்பெனி பணம் கேட்கும். அங்கேயே புதிதாக வாங்கலாம். புதுசைத் துவைக்கிறவரைப் பக்கத்து மேசைக்காரர் என்னவென்று நினைப்பார்? ஆகவே முதலில் அழுக்காக்க வேண்டும். ஹோட்டல் அறையில் அது நடக்காது. பனியில் வழுக்காமலிருக்கத் தெருவில் கொட்டும் சரளை, வாசலில் கழற்றிய பூட்ஸிலிருந்து உதிர்ந்து உதிர்ந்து விரிப்பில் ஏற ஒரு குளிர்காலம் முழுக்க ஆகும். அதற்கு ஒரு வீடு, வீட்டு வாடகைக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு அனுமதி, சக ஊழியருக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் ஃபின்னிஷ். எட்டு வேற்றுமையோடு திருப்திப்பட்டவர்களுக்கு அந்த மொழி பதினைந்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இத்தனையும் தாண்டி, கைவோபுயிஸ்தோ கரையில் ஒரு வழியாக மேசையைப் பிடித்து, முட்டிவரை நனைந்து தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்திலேயே அந்த மேடையின் பெயரையே வைத்துக்கொண்டு ஓர் உணவகம் இருக்கிறது. அங்கே கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பயணிகள் உங்களைப் படம் எடுப்பார்கள்.

இது விதண்டாவாதம், யாரும் துவைக்கச் சொல்லவில்லை, கூட்டத்தை விட்டு விலகி நிஜ வாழ்க்கையைப் பார்க்கத்தான் சொல்கிறார்கள் என்று வாதிடலாம். பார்ப்போமே. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் காலை ஒன்பதரைக்குச் சற்று முன்பு எழுந்து, மூன்றேகாலுக்கு விழுந்துவிடும். நிஜ வாழ்க்கை அப்போது ஆபீஸ், டிராம், சூப்பர்மார்க்கெட், வீடு. காலி பாட்டிலை எந்திரத்தில் போட்டுச் சில்லறை திரும்பப் பெறுவது அன்றைய கிளர்ச்சி. உலகில் தலைக்கு அதிகமாகக் காபி குடிப்பவர்கள் வரிசையில் ஃபின்லாந்துக்காரர்கள் முன்னணியில் இருப்பவர்கள்தான். ஆனால் அதைப் பெரும்பாலும் ஆபீஸிலும் சமையலறையிலும் குடித்து முடித்துவிடுகிறார்கள். சரி, கோடையில் போகலாம் என்றால் அது இன்னும் மோசம். 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் சுமார் 5 லட்சம் கோடைக் குடில்கள் இருக்கின்றன. ஜூன் பிற்பாதியில் யுஹான்னுஸ் பண்டிகை வந்தால் நகரம் காலி. ஜூலையில் பல சின்னக் கடைகள் ‘விடுமுறை’ அட்டையைத் தொங்கவிட்டுவிடும். அதாவது, கோடையில் ஹெல்சிங்கிக்காரர்போல ஹெல்சிங்கியில் இருக்க வேண்டுமென்றால் ஹெல்சிங்கியை விட்டுக் கிளம்ப வேண்டும். கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த ஒரு யோசனையை மட்டும் சொல்வதே இல்லை. விமான டிக்கெட் விற்காது.

இரு தரப்பும் கலக்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2018 டிசம்பரில் திறந்த ஓதி நூலகத்தில் தையல் மிஷினில் திரைச்சீலை தைப்பவரும் கூரையைப் படமெடுப்பவரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள், யாரும் யாரையும் விரட்டுவதில்லை. அதைவிட நல்ல சாட்சி, பட்டியல்காரர்கள் ஒதுக்கச் சொல்லும் அந்தத் துறைமுகச் சந்தையே. அங்கிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குப் படகு போகிறது. 1748-இல் ஸ்வீடன்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, 1991 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. பயணிகள் மொய்க்கும் இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் தீவில் சுமார் 800 பேர் குடியிருக்கிறார்கள். கையில் மளிகைப் பையோடு அவர்கள் ஏறுவதும் அதே படகில்தான். ஒளிந்திருக்கும் உள்ளூர்க்காரரைத் தேடி மங்கிய பலகைகளுக்கு அலைய வேண்டியதில்லை, பயணி போகும் இடத்துக்குப் பயணியாகப் போனாலே போதும். கேமராவைத் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். மளிகைப் பைக்கு வழிவிட்டு நில்லுங்கள். பயணம் கால் மணி நேரம். டிராமுக்கு வாங்கிய டிக்கெட்டே அந்தப் படகுக்கும் செல்லும்.