தென்காசி – குற்றாலம் தூரமும் நேரமும்: ஓர் ஈரமான ஆய்வு

தென் அமெரிக்காவில் புவனோஸ் அயர்ஸிலிருந்து மாண்டிவிடியோவுக்கு வான்வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே ஆய்வுக்கும் வேலையில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமையில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் எவருமிலர். அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை.

முன்னோடி ஆய்வாளர்கள் என்று பார்த்தால் தென்காசி ஆட்டோக்காரர்கள்தான். "பத்து நிமிசம்லா, அண்ணாச்சி" என்பது அவர்களின் ஒருமித்த முடிவு. பிழையில்லை, ஏப்ரலில் போனால் அப்படித்தான். அப்போது சாலையில் கூட்டம் இருக்காது. பேரருவியில் பாறை இருக்கும். தென்மேற்குப் பருவமழை மலை தாண்டிச் சாரலாக இறங்கியதும் நிலைமை தலைகீழ். அருவியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறதோ, அவ்வளவு மெதுவாக வேன்கள் நகரும். இதை முதல் விதி எனக் கொள்க.

பறந்து போகலாமே என்பார் உண்டு. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரம் அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், அருவித் திரை மேலெழும்பிச் சூரியனின் குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குவதாகக் குற்றாலக் குறவஞ்சியில் பாடியிருக்கிறார். குற்றாலத்தின் வான்வழிப் போக்குவரத்துப் பாதிப்பு 18-ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டது. சூரியனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிப் பேசுவானேன்.

அடுத்து, பயணம் எங்கே முடிகிறது என்ற சிக்கல். பஸ் நிற்கும் இடத்திலா? கார் நிறுத்த இடம் கிடைத்த இடத்திலா? எம் துணிபு: தலையில் தண்ணீர் விழும் கணமே வந்து சேர்ந்த கணம். இந்த வரையறையால் சில விசித்திரங்கள் நேர்கின்றன. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. பயண நேரம் முடிவிலி. உடனே ஒருவர், "ஐந்தருவியில விடுறாங்களாம்" என்பார். இந்த 'ஆம்' விகுதியை நம்பி இன்னும் நாலைந்து கிலோமீட்டர் போகவேண்டும். அங்கே போனால், "பழைய குற்றாலத்துல விடுறாங்களாம்." தூரமும் இங்கே நிலையான அளவு அல்ல என்பது இதனால் பெறப்படும்.

மேலும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளிக்கும் இடம் வேறு வேறு என்பதால், ஒரே வேனில் புறப்பட்ட குடும்பம் இரு வேறு நேரங்களில் வந்து சேர்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்த மாமா மூன்றாவது நேரம். முதலில் குளித்தவர்கள் ஈரத் துண்டோடு நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் நின்று ருசி பார்த்தே கால் கிலோவைத் தீர்ப்பார்கள். அந்த நேரத்தைப் பயணத்தில் சேர்ப்பதா, விருந்தில் சேர்ப்பதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கடைசியாக, துணிப்பையும் செருப்புகளும் எல்லோருடைய செல்போன்களும் மடியில் குவிய, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. "நீங்க போய்ட்டு வாங்கய்யா, எனக்குச் சளி பிடிக்கும்" என்பவர். ஆண்டு தவறாமல் சீசனுக்கு வருகிறவர். எம் வரையறைப்படி அவர் இன்னும் தென்காசியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்.