பெரியப்பாவின் தலைமுடி

கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டிலேயே பிரிண்ட் போடுகிறவனுக்கு முதல் எதிரி வெளிச்சம் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அவற்றை எழுதியவர்கள் எண்பதுகளின் சென்னையில், ஒரே ஒரு பாத்ரூம் உள்ள கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்கள் இல்லை. முதல் எதிரி அடுத்தவர் வயிறு.

டெவலப்பர் தட்டில் பேப்பரை நழுவவிட்டு, வெள்ளையிலிருந்து ஒரு மூக்கு மெல்ல எழும்பும் நேரம் பார்த்துத்தான் கதவு தட்டப்படும். "டேய், அவசரம்டா!" பெரியப்பா. மூக்குக்கு இன்னும் ஒரு நிமிஷம் வேண்டும்; அவரிடம் அது இருக்காது.

பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, நீலம்தான் உறைக்கும். அதனால்தான் உள்ளே சிவப்பு ஜீரோ வாட் பல்பு என்று எதிர் போர்ஷன் மாமிக்கு விளக்கிப் பார்த்தேன். நடுராத்திரியில் சிவப்பு வெளிச்சம், புளித்த வாடை, உள்ளே ஒருவன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று முணுமுணுக்கிறான். மாமி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டுமாம். மே மாதத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ரசம் மாதிரி இறங்கும். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்காரர்கள் விவரமானவர்கள். ஊட்டியில் போய்த் தொழிற்சாலை கட்டிக்கொண்டார்கள். அந்தக் குளிரிலிருந்து வந்த 'இந்து' பேப்பர் எங்கள் பாத்ரூமில் என்னோடு சேர்ந்து வேர்த்தது.

படத்தை நிலைக்கவைப்பது ஹைப்போ. வெள்ளி உப்பைக் கரைக்கும் அதன் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுபிடித்துவிட்டார். போட்டோகிராஃபி ஊருக்குத் தெரியவந்ததோ 1839இல். நோய் பிறக்கும் முன்பே மருந்து தயார். ஆனால் அந்த மருந்தைப் படத்திலிருந்து போக்க, ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். இல்லையென்றால் நாளடைவில் படம் பழுத்துவிடும். ஓடும் தண்ணீர்! குழாயில் காற்று வரும் ஊரில்! லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுவிட்டு வந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குடும்பப் படங்கள் பல இன்று மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

பளபளப்புக்காக ஈரப் படங்களைக் கண்ணாடியில் முகம் குப்புற ஒட்டுவேன். காய்ந்ததும் தானாகவே 'பட்'டென்று கழன்று விழும். அதுவரை யாரும் தலை வார முடியாது.

இவ்வளவையும் வீட்டார் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் கலையார்வம் இல்லை. என்லார்ஜருக்கு அடியில், வெளிச்சம் எங்கே குறைகிறதோ அங்கே படம் வெளுக்கும். எங்கே கூடுகிறதோ அங்கே கறுக்கும். கம்பியில் செருகிய அட்டை வில்லையால் முகத்துக்கு நேரே சற்று மறைத்தால் அத்தை இரண்டு சுற்று சிவப்பாகிவிடுவாள். செய்தி பரவியது. பவுடருக்குச் செலவில்லை என்று சித்தியும் வந்து நின்றாள்.

பெரியப்பாவுக்கு நேர்மாறான தேவை. அட்டையில் ஓட்டை போட்டு, தலையில் மட்டும் கூடுதலாக வெளிச்சம் விழவைத்தேன். நரை சாம்பலானது, சாம்பல் கறுப்பானது. காதும் கொஞ்சம் கறுத்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. படத்தைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாத்ரூமை எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கோடா," என்றார். "அப்படியே மேல் வரிசையில் போன ரெண்டு பல்லையும் போட்டுக் குடுத்துடு."