நூற்றுக்குப் பத்து

கணித வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கணினியில் அச்சுக்கோக்கவும் தெரிந்துவிட்டால், அவன் துண்டு நோட்டீஸைக்கூடச் சாதாரணமாக அடித்துக்கொடுக்கச் சம்மதிப்பதில்லை. டொனால்டு கனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தம் புத்தகத்தின் அச்சுப்படி அலங்கோலமாக வந்ததைச் சகியாமல் 1977-இல் தொடங்கிய டெக் என்ற முறையும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லாடெக்கும் இருக்க, வேறொன்றைத் தொடுவது அபசாரம் என்பது என் கொள்கை. பெரணமல்லூரில் பட்டுத்தறி வைத்திருக்கும் என் மைத்துனன் முகூர்த்த மாதத்துக்கு நோட்டீஸ் கேட்டபோதும் அந்த வைராக்கியத்தோடுதான் உட்கார்ந்தேன்.

முதல் வரியில், “ரொக்கம் கொடுப்போருக்கு 10% தள்ளுபடி; கடனுக்குப் புடவை” என்றும், அடுத்த வரியில் “கொடுப்பதில்லை” என்றும் அடித்தேன். அச்சில் வந்ததோ, “ரொக்கம் கொடுப்போருக்கு 10கொடுப்பதில்லை.”

“இன்னா மாமா இது? ரொக்கம் குடுக்கறவனுக்கே இல்லன்னா, கடன்காரனுக்கா குடுக்கப் போறோம்?”

குற்றம் சதவீதக் குறியுடையது. லாடெக் சாஸ்திரத்தில் பத்துக் குறிகள் தேவதாம்சம் பெற்றவை. டாலர் குறி போட்டால் கணிதம் பிறக்கும். சதவீதம் போட்டாலோ, அதற்கப்பால் வருவது எழுதுபவனின் அந்தரங்கக் குறிப்பு என்று கொண்டு, வரி முடிவின் இடைவெளி உட்பட யாவற்றையும் விழுங்கிவிடும். முன்னால் ஒரு பின்சாய்கோட்டை நிறுத்தினால் சாதுவாக அச்சேறும். இந்த உபாயத்தை மைத்துனன் மகனுக்கு அச்சிட்டுக் கொடுக்க முற்பட்டபோதுதான் சனி பிடித்தது. பின்சாய்கோட்டையே காட்ட வேண்டுமே என்று அதற்கு முன்னால் இன்னொன்றைப் போட்டேன். இரண்டும் சேர்ந்து வரியை உடைத்தன. காவல் இழந்த சதவீதம் மிச்சத்தை மறுபடியும் விழுங்கியது.

கடைசியில் ‘வெர்பேட்டிம்’ என்ற சூழலில் சரணடைந்தேன். அதற்குள் எதை அடைத்தாலும் அர்த்தம் பாராமல் உள்ளது உள்ளபடியே அச்சிடும். இதை விளக்க அரைமணிப் பிரசங்கத்துக்கு நான் ஆயத்தமாக, மைத்துனன் ஆணியில் தொங்கிய பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டைக் காட்டினான். “இதைத் தறிமேல பெட்டியில மாட்டினா, ஓட்டை இருக்கிற எடத்துல பாவு நூல் தூக்கும், இல்லாத எடத்துல தூக்காது, முந்தானையில மயில் விழும். ஆணியில மாட்டினா வெறும் அட்டை. அதானே மாமா?”

அதுவேதான். உற்சாக மிகுதியால், அந்தச் சூழலை முடிக்கும் ஆணையையும் பையனுக்குக் காட்டிவிட எண்ணி உள்ளே எழுதினேன். நான் முடிக்கத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அது அங்கேயே முடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியைப் பேனாவால் எழுதிக்கொடுத்தேன். நோட்டீஸில், மைத்துனன் யோசனைப்படி, நூற்றுக்குப் பத்து என்று எழுத்திலேயே போட்டாயிற்று.