62 ரூபாய் பணக்காரர்கள்

கையில் 62 ரூபாயோடு வடபழனி சிக்னலில் நில்லுங்கள். உலக வங்கிக் கணக்கில் நீங்கள் பரம ஏழை இல்லை. 2025 ஜூனில் அவர்கள் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 3 டாலர் என்று ஏற்றினார்கள். டாலர் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். இது வாங்கும் சக்தி பார்த்து இளைக்க வைத்த டாலர். 2021 விலைவாசியில், நம்மூர்க் காசுக்கு ஏறக்குறைய 62 ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை. மிச்சத்தில் வாடகை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு. சில்லறை மிஞ்சினால் முருகன் உண்டியல். பக்கத்து மாலில் பாப்கார்ன் மட்டும் கேட்காதீர்கள். அது வேறு நாடு.

உலக வங்கியாவது தாராளம். நம் திட்டக் கமிஷன் 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே பிரமாணப் பத்திரம் கொடுத்தது: நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய் செலவழிப்பவர் ஏழை அல்ல. அடுத்த வருடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னொரு கணக்கு வெளியே வந்தது. அதே கமிஷன் தன் கட்டடத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்கச் செலவழித்தது 35 லட்சம். உள்ளே போக ஸ்மார்ட் கார்டு. கேட்டால், வழக்கமான பராமரிப்பாம். அந்த 35 லட்சத்தில் அவர்களுடைய 32 ரூபாய் மனிதர் கிட்டத்தட்ட 300 வருடம் உயிர் வாழலாம்.

கோபம் வருகிறதா? வரட்டும்.

வடபழனிக்குப் பக்கத்தில், அரும்பாக்கத்தில், 1970-களின் கடைசியில், உலக வங்கிக் கடனில் ஏழைகளுக்கு மனை பிரித்துக் கொடுத்தார்கள். சின்ன மனைதான். ஆனால் ஊருக்குள்ளே. வேலைக்கு நடந்து போகலாம். இன்று கூவக் கரையில் குடிசை போட்டவருக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி. வீட்டு வேலை செய்த தெரு இங்கே, வீடு அங்கே. ஏழை கண்ணில் படவில்லை, ஆகவே வறுமை குறைந்தது! நாம் மட்டும் ஜப்பான் கடனில் வந்த மெட்ரோவில், ஏசியில், சிங்காரச் சென்னையைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

உலக யோக்கியர்களையும் விட வேண்டாம். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று 1970-இல் ஐ.நா. தீர்மானம் போட்டது. வறுமை எல்லோருடைய பொறுப்பு என்று அன்று முதல் மாநாடு மாநாடாக, நட்சத்திர ஓட்டல் சாப்பாட்டோடு பேசுகிறார்கள். 2024-இல் அந்த அளவைத் தாண்டியவை நான்கே நாடுகள்: நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க். அமெரிக்கா 2025 ஜூலை 1-இல் தன் உதவி நிறுவனத்துக்கே பூட்டுப் போட்டது. பிரிட்டன் 2027-இல் 0.3-க்கு இறங்குகிறது. காரணம் ஒளிக்கவில்லை: ராணுவத்துக்குப் பணம் வேண்டுமாம்.

2030-க்குள் பூமியில் பரம ஏழையே இருக்க மாட்டார் என்று 2015-இல் கைதட்டி நிறைவேற்றியவர்களும் இவர்களேதான். 2024-இல் பணக்கார நாடுகள் தந்த உதவி சுமார் 21,200 கோடி டாலர். அதே வருடம் உலகம் ஆயுதத்துக்கும் படைக்கும் கொட்டியது 2.7 லட்சம் கோடி டாலர்.