நாற்காலியில் ஒரு துண்டு

1989-ல் ஈரோட்டில் ஒரு சீட்டுக் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி என் கையில் கொடுத்தது ஒரு மினிட்ஸ் புத்தகம். கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி, பக்கத்துக்குப் பக்கம் எண் அடித்தது. "இது தொலைஞ்சா நீ ஜெயிலுக்குப் போக மாட்டே தம்பி, நாந்தான் போவேன். அதனால பத்திரமாப் பாத்துக்க" என்றார். அந்த நியாயம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

சீட்டு ஏலம் என்றால் சும்மா கூவிவிட்டுப் போக முடியாது. 1982-ஆம் வருடத்துச் சிட் ஃபண்ட் சட்டம் அப்படி. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, எங்கே நடந்தது, யார் யார் வந்திருந்தார்கள், யாருக்கு விழுந்தது, தள்ளு (எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகை) எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எடுத்தவர் போக, வந்திருந்தவர்களில் இரண்டு பேராவது கையெழுத்துப் போட வேண்டும். 21 நாளுக்குள் நகல் பதிவாளர் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

இதில் 'யார் யார் வந்திருந்தார்கள்' என்பதுதான் என் பாடு. காலை பத்தரைக்கு மாடி ஹாலில் ஏலம். மரப்படியில் ஏறும் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவேன். டீச்சரம்மா இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். ஜவுளிக்கடைக்காரர் மேலே வரும் முன்பே அவர் வெற்றிலை வாசம் வந்துவிடும். பாத்திரக்கடை அண்ணாச்சிதான் எல்லோருக்கும் முந்தி. பத்து இருபதுக்கு வந்து, இரண்டாம் வரிசை ஓர நாற்காலியில் துண்டைப் போடுவார். போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். கடை எதிர்ச்சாரியில்தான். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானும் அவரை 'வருகை' என்றே எழுதுவேன். துண்டு வந்திருக்கிறதே! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் எல்லாம் முடிந்து, விளிம்பில் டீ ஒட்டிய கிளாஸ்களைப் பையன் எடுத்துக்கொண்டு போகும் நேரத்தில் அண்ணாச்சி வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையெழுத்து வைப்பார். வைத்த பிறகுதான் கேட்பார்: "என்ன தம்பி, ஏலம் யாருக்கு விழுந்துச்சு?"

ஏல அறிவிப்பை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருட்டி, கை முழுக்க மையோடு தபாலாபீசுக்குக் கொண்டுபோய் 'சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்' வாங்கி வருவேன். தபால் போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சியல்ல, போட்டதற்குத்தான் சாட்சி. அந்த வசதியைத் தபால் துறை 2011-ல் நிறுத்திவிட்டது. ஜூம் கம்பெனி அமெரிக்காவில் தொடங்கியதும் அதே 2011-ல்தான். ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்பார்கள். எனக்கு அது திறந்த விஷயம் தெரிய ஒன்பது வருடம் ஆனது.

2020-ல் ஊரடங்கு வந்து மாடி ஹாலைப் பூட்டினோம். நல்லவேளையாக, அதற்கு முந்தைய வருடம்தான் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. சந்தாதாரர்கள் காணொலி வழியாகவும் ஏலத்தில் கலந்துகொள்ளலாம், சீட்டு நடத்தும் ஃபோர்மேன் அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று. (தள்ளில் வரும் லாபத்தை 'டிவிடெண்ட்' என்று சொல்லக் கூடாது, 'தள்ளுபடியில் பங்கு' என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். எங்கள் கடைவீதியில் அதை இன்றுவரை யாரும் மதிக்கவில்லை.) ஏலம் ஜூமுக்குப் போனது. நான் திரையைப் பார்த்துப் பார்த்து நோட்டில் பெயர் எழுதினேன்.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்து, மகன் பொறுப்புக்கு வந்தார். 2023-ல் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே கையில எழுத வேண்டாங்க. எல்லாம் தானா விழும்." சீட்டு விழும், கேள்விப்பட்டிருக்கிறேன். வருகைப் பதிவு விழும் என்பது புதுசு.

அதைச் செய்து கொடுக்கப் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். லேப்டாப்பில் எண்எய்ட்எண் என்ற மென்பொருளைத் திறந்தாள். பெர்லின்காரர்கள் 2019-ல் ஆரம்பித்ததாம். திரை முழுக்கக் கட்டங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு. "இந்தப் பக்கம் ஜூமுங் சார். அந்தப் பக்கம் ஏர்டேபிள், அதான் டேட்டாபேஸ், மேகத்துல இருக்கு. ஒருத்தரு உள்ள வந்தாருன்னா ஜூம் நம்ம விலாசத்துக்கு ஒரு தகவல் அனுப்பும். வெப்ஹுக்னு பேரு."

"தாக்கல் சொல்லிவிடுறதும்மிணி" என்றேன்.

"அதேதானுங்."

ஆனால் ஜூம் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முதலில் ஒரு சொல்லை அனுப்பும். ரகசியச் சாவியோடு அதைச் சேர்த்து மசித்து மூன்று விநாடிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் அந்த விலாசத்தை ஏற்காது. மூன்று விநாடியில் நான் மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடி எடுத்திருக்க மாட்டேன்.

முதல் ஏலம். பத்தரைக்குத் தொடங்கியது. டேபிளைத் திறந்தால் எல்லோரும் விடிகாலை ஐந்து மணிக்கு வந்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் பால்காரர்கூட வரமாட்டார். "அது யூடிசி நேரமுங் சார், நம்மளுக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. கடைசியில இசட் போட்டிருக்கு பாருங்க" என்றாள். இசட்டைப் பதிவாளருக்கு யார் விளக்குவது? ஒரு கட்டம் கூட்டி ஐந்தரை மணியைச் சேர்த்தாள்.

அடுத்து ஆள் கணக்கு. கோபி பக்கத்துச் சந்தாதாரர் ஒருவருக்கு வீட்டில் சிக்னல் நிற்காது. விட்டு விட்டு ஆறு தடவை வந்து போனார். வந்ததற்கு ஆறு வரி, போனதற்கு ஆறு வரி, ஆகப் பன்னிரண்டு. பழைய ஹாலில் ஒருவர் வெற்றிலை துப்ப ஆறு தடவை வெளியே போய் வந்தாலும் புத்தகத்தில் ஒரே ஆள்தான்.

பெயர்களோ அதற்கு மேல். 'ரெட்மி நோட் 9' வந்திருந்தார். 'விவோ' வந்திருந்தார். 'சிக்ஸ்த் பி ரோல் நம்பர் 22' கூட வந்திருந்தார். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் பேத்தி வைத்த பெயர், தாத்தா மாற்றவில்லை. ஜூமில் உள்நுழையாமல் வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் பத்தி வெற்றாகவே வரும். அதனால் அந்தப் பெண் இன்னொரு டேபிள் போட்டாள். இடது பத்தியில் போனின் பெயர், வலது பத்தியில் மனிதரின் பெயர். "இந்த வலது பக்கத்தை மட்டும் நீங்க நிரப்பிக் குடுத்துருங் சார்." கையில் எழுத வேண்டாம் என்று ஆரம்பித்த வேலை, வாராவாரம் நான் டைப் அடிக்கிற வேலையாக முடிந்தது. பேரன் போனை எடுத்துப் போய்விட்டால் மறுவாரம் டீச்சரம்மா 'விவோ' ஆகிவிடுவார். படிச்சத்தம் எவ்வளவோ தேவலை.

மூன்றாம் வாரம்தான் உண்மையான கூத்து. காத்திருப்பு அறையில் 31 பேர் நின்றார்கள். சின்ன முதலாளி ஒரே அமுக்கில் எல்லோரையும் உள்ளே விட்டார். 31 தாக்கல் ஒரே மூச்சில் ஓடியது. ஏர்டேபிள் ஒரு டேட்டாபேஸுக்கு விநாடிக்கு ஐந்து கோரிக்கைதான் வாங்கும். மேலே போனால் '429' என்று சொல்லி 30 விநாடி கதவைச் சாத்திவிடும். டேபிளில் விழுந்தது 12 பேர். மீதிப் பேருக்குச் சிவப்புக் குறி. அந்தப் பெண் நகத்தைக் கடித்தாள். நான் மேசை இழுப்பறையைத் திறந்து என் நோட்டை எடுத்து வைத்தேன். பழக்கதோஷம், எழுதிக்கொண்டேதான் இருந்தேன். 31 பெயரும் இருந்தது. சின்ன முதலாளி நோட்டையும் என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்துக்குள் அவள் தாக்கல்களை ரேஷன் கடைபோல வரிசையில் நிற்க வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

இப்போது எல்லாம் சுத்தமாக ஓடுகிறது. ஏலம் முடிந்த மறுநிமிடம் வருகைப் பட்டியல் தயார். ஆனால் அந்தத் திருத்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. காணொலியில் வந்திருந்த சந்தாதாரர்கள் இரண்டு நாளுக்குள் மினிட்ஸில் கையெழுத்துப் போட வேண்டும். ஜூம், பெர்லின், மேகம் எல்லாம் சுற்றி வந்த விவரத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நான் வீடு வீடாகப் போகிறேன். 1989-லாவது ஆள் நம்மைத் தேடி வந்தார்.

போன வாரம் பாத்திரக்கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது; கல்லாவில் மகன். டேபிளின்படி அண்ணாச்சி வந்தது 10:21, போனது 11:08. 47 நிமிடம், நடுவில் ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. எங்கள் பதிவிலேயே சுத்தமான வருகை. ஏலத்தின்போது அவர் கட்டத்தில் நான் பார்த்தது ஒரு மின்விசிறி, அதன் பின்னால் உத்திரம். போன் எவர்சில்வர் அண்டா மேல் மல்லாந்து கிடந்திருக்கிறது. அன்றும் அங்கேயேதான் கிடந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் அண்ணாச்சி கையெழுத்து வைத்தார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன தம்பி, ஏலம் யாருக்கு விழுந்துச்சு?"